ஒரு நாளைக்கு 12 லிட்டர்

2016 சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்குத் தாகம் எடுத்தது. ஆத்தங்குடிக்காரனுக்குச் சித்திரையில் தாகம் எடுக்காமல் வேறென்ன எடுக்கும் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அந்த நாளும் நேரமும் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. தரைக்கல் செய்யும் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, பூவுக்குச் சிவப்புச் சாயத்தைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி இதழில் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. திரும்பி வருவதற்குள் சாயம் இறுகிவிட்டது. அந்தக் கல் வீணாகிப் போனது.

அன்றைக்கு ராத்திரி ஐந்து தடவை எழுந்தேன். மறுநாள் ஏழு தடவை. பானைத் தண்ணீர் பத்தவில்லை, ஐஸ் தண்ணீர்தான் வேண்டும் என்று உடம்பு அடம்பிடித்தது. பல வருஷமாகப் பானையைத் தவிர வேறு தெரியாதவன், தெருமுனைப் பெட்டிக்கடையில் ஐஸ் கட்டி வாங்கி வாயில் போட்டு நொறுக்க ஆரம்பித்தேன். பின்னாளில் மதுரை டாக்டர் கேட்ட முதல் இரண்டு கேள்விகளும் இவைதான்: "ஆரம்பிச்ச நாளைச் சொல்ல முடியுமா? ஜில் தண்ணிதான் கேக்குதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அவரிடம் போய்ச் சேர எனக்கு மூன்று மாதம் ஆனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே மாதிரி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "ஒனக்கும் வந்துருச்சுடா." அம்மா அழுதே விட்டார். காரைக்குடிக்குப் போய் ரத்தம் கொடுத்தால் வெறும் வயிற்றில் 92, மூன்று மாதச் சராசரி 5.3. சர்க்கரை இல்லவே இல்லை. சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்து ஐந்து செம்பு தண்ணீர் குடித்தோம், நான் மட்டும்.

அடுத்து ஒரு மருத்துவர், பெயர் வேண்டாம், "இது பழக்கம். மனசுதான் காரணம். தண்ணியைக் குறைச்சா ஒண்ணுக்கும் குறைஞ்சுடும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வைராக்கியமாகக் குடிக்காமல் இருந்து பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகவில்லை, ஆனால் வெளியே போவது நிற்கவே இல்லை. மத்தியானத்துக்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கண் இருட்டியது, குனிந்து செருப்பைப் போட முடியவில்லை. இந்த வேலையை வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள். நான் செய்தது முட்டாள்தனம், சில மணி நேரத்தில் ஆளையே கவிழ்த்திவிடக்கூடிய முட்டாள்தனம். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நான் நிறையக் குடிப்பதால் நிறையப் போகவில்லை, நிறையப் போவதால்தான் குடிக்கிறேன். வாளி ஓட்டை. ஓட்டை வாளிக்குப் பழக்கத்தைக் குறை சொல்லி என்ன பண்ணுவது?

என் மனைவிதான் கணக்கெடுத்தாள். ஐந்து லிட்டர் கேன் மூன்றை எடுத்து, காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்கச் சொன்னாள். முதல் இரண்டு கேன் நிரம்பி மூன்றாவதில் இரண்டு லிட்டருக்குப் பக்கம் நின்றது. கிட்டத்தட்ட 12 லிட்டர். சாதாரணமாக ஒரு மனிதனுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மூன்று லிட்டரைத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊருணித் தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது, நிறமே இல்லை. அந்தக் கணக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் காரைக்குடியில் ஒரு இளம் டாக்டர், வயது முப்பது இருக்காது, "இது சர்க்கரை இல்லாத நீரிழிவா இருக்கலாம், மதுரைக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஆகவே முதல் பாடம் என்னவென்றால், "நிறையப் போகுது டாக்டர்" என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது. அளந்து, லிட்டரில் எழுதி, சீட்டை நீட்ட வேண்டும்.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கும் எனக்கு வந்ததற்கும் ஆங்கில வைத்தியத்தில் 'டயாபடீஸ்' என்று ஒரே முதல் பெயர். அதில் 'மெலிட்டஸ்' என்றால் தேன் மாதிரி இனிப்பது, 'இன்சிபிடஸ்' என்றால் ருசியே இல்லாதது. அந்தக் காலத்து வைத்தியர்கள் ருசி பார்த்தே பிரித்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். நம் தமிழில் இன்னும் வேடிக்கை. நீரிழிவு என்ற சொல்லைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டோம். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சொல் எங்களுடையது. உடம்பிலிருந்து நீர் மட்டும் இழிந்து போகிற நோய் இதுதானே.

மதுரையில் நடந்தது தண்ணீர் மறுப்புப் பரிசோதனை. பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் தொண்டை வறளும். காலை ஆறு மணிக்கு அறையில் உட்கார வைத்துத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மணிக்கு ஒரு தடவை எடை, மணிக்கு ஒரு தடவை சிறுநீர் அளவும் அடர்த்தியும், இடையிடையே ரத்தம். குழாயைத் திறந்து குடித்துவிடுவேன் என்று கழிவறைக்குக் கூட ஒரு அட்டெண்டர் வந்தார். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் பதினோரு மணிக்கு அந்த ரோஷம் போய்விட்டது, ஃப்ளஷ் டேங்கைப் பார்த்தபோது மனசில் என்ன ஓடியது என்று இங்கே எழுத மாட்டேன். நர்ஸம்மா மேஜையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் வெளிப்பக்கம் வேர்த்து ஒரு துளி இறங்குவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் 68 கிலோவில் இரண்டு கிலோ குறைந்திருந்தது, ரத்தத்தில் சோடியம் 147. 145க்கு மேல் போனால் உடம்பு காய்கிறது என்று அர்த்தம். அந்த நிலையிலும் சிறுநீர் பச்சைத் தண்ணீராகவே போய்க்கொண்டிருந்தது, அடர்த்தி 104. நல்ல ஆளுக்கு அந்நேரம் அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டுமாம்.

அப்புறம் ஒரு ஊசி. டெஸ்மோபிரசின். ரொம்பச் சின்ன ஊசி. ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மணியில் அளவுக் குவளையோடு கழிவறைக்குப் போய்விட்டு நான் வெளியே வர ரொம்ப நேரமாகிவிட்டது. அட்டெண்டர் கதவைத் தட்டினார். குவளையில் நூறு மில்லிக்கும் குறைவாகத்தான் இருந்தது, அதுவும் மஞ்சளாக. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மஞ்சள். சிரிக்காதீர்கள், நான் அங்கேயே நின்று அழுதேன். அடர்த்தி 512 என்று வந்தது.

அந்த ஒரு எண்ணில் விஷயம் முடிந்துவிட்டது. என் சிறுநீரகத்தில் கோளாறு இல்லை, அதற்கு வர வேண்டிய உத்தரவுதான் வரவில்லை. ஊசிக்கும் அசையாமல் இருந்திருந்தால் கோளாறு சிறுநீரகத்தில் என்று ஆகியிருக்கும். பிறவியிலேயே சிலருக்கு அப்படி இருக்கும், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்கள் சிலருக்கும் வரும். இப்போது இந்தப் பட்டினி இல்லாமலே, உப்பு நீர் ஏற்றி 'கோபெப்டின்' என்ற பொருளை ரத்தத்தில் அளந்து கண்டுபிடிக்கும் முறையும் வந்திருக்கிறது.

அந்த உத்தரவின் பெயர்தான் வாசோபிரசின். டாக்டர் படம் போட்டுக் காட்டினார், எனக்குப் பாதிதான் ஏறியது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கண்மாயைப் பார்த்ததும் மீதியும் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் கண்மாய்க்கு மடை, மடைக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி. எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற ஆள் அவர். சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதில் பெரும்பகுதி எந்த உத்தரவுக்கும் காத்திராமல் ரத்தத்துக்கே திரும்பிவிடும். கடைசியில் மிஞ்சுகிற ஒரு பங்கு இருக்கிறதே, அதைத் திருப்பி எடுப்பதா வெளியே விடுவதா என்பது மட்டும் வாசோபிரசின் கையில். மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் என்ற இடத்தில் உற்பத்தியாகி, பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் சேமிப்பில் இருந்து, தேவைப்படும்போது ரத்தத்தில் இறங்கும். ரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு ஏறினாலே போதும், உத்தரவு போய்விடும். உத்தரவு கிடைத்ததும் சிறுநீரகக் குழாயின் சுவரில் தண்ணீருக்கென்றே உள்ள வாசல்கள் வந்து பொருந்தும், தண்ணீர் உள்ளே திரும்பும். 'அக்வாபோரின்' என்கிற அந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்குப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த வாசோபிரசினை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கும் 1955இலேயே ஒரு நோபல். ஒன்பதே ஒன்பது அமினோ அமிலம் கோத்த மாலை, அவ்வளவுதான். பிரசவ நேரத்தில் வேலை செய்யும் ஆக்ஸிடோசினும் இதே நீளம், இரண்டு மணிகள் மட்டும் வேறு.

பீர் குடித்தவன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஓடுவதற்கும் காரணம் இந்த ஆள்தான். சாராயம் உள்ளே போனதும் நீர்ப்பாய்ச்சி தூங்கிவிடுவார். பட்டறையில் இதைச் சொன்னபோது மட்டும்தான் என் வியாதியை எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

ஏன் வந்தது என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய பொட்டு எனக்கு இல்லை, தண்டு கொஞ்சம் தடித்திருந்தது. காசநோய், கட்டி, இன்னும் என்னென்னவோ ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார்கள். மற்ற ஹார்மோன்கள் சரியாக இருந்தன. காரணம் தெரியவில்லை என்பதுதான் கடைசிப் பதில், உடம்பே தன் செல்களைத் தாக்கியிருக்கலாம் என்று ஒரு யூகம். முதல் இரண்டு வருஷம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஏனென்றால் சிலருக்குக் கட்டி பின்னால்தான் தெரியவருமாம். இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையில் தாகம் அடங்கிவிட்டது என்பதால் காரணம் போய்விட்டது என்று ஆகாது.

மருந்து டெஸ்மோபிரசின், வாசோபிரசினைக் கொஞ்சம் திருத்திச் செய்தது. அசல் ஹார்மோன் ரத்தக் குழாயையும் இறுக்கும், 'வாசோ' என்ற பெயரே அதனால்தான். திருத்தியதில் அந்தக் குணம் அநேகமாக இல்லை, சிறுநீரக வேலை மட்டும் மிஞ்சும், அதனால் பி.பி. ஏறுமோ என்ற பயம் வேண்டாம். முதலில் எனக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தார்கள். என் பாட்டிலைக் குளிரில் வைக்கச் சொல்லியிருந்தது, எங்கள் ஊர் கரண்டோ எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. ஜலதோஷம் பிடித்தால் மூக்கடைத்து மருந்து சரியாக ஏறாது. ஆறு மாதத்தில் மாத்திரைக்கு மாறிவிட்டேன், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை குறையும், அதனால் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிடுவேன். அளவு ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். என் அளவைக் கேட்டு யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

இத்தனையும் முன்னுரை. நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மாத்திரை கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, திசைதான் மாறியது. அசல் வாசோபிரசின் ரத்தத்தில் நிமிஷக் கணக்கில்தான் இருக்கும், கரைந்துகொண்டே இருக்கும், மூளை பார்த்துப் பார்த்து மறுபடி அனுப்பும். இரண்டு டம்ளர் அதிகம் குடித்துவிட்டால் உத்தரவை நிறுத்திவிடும், அந்தத் தண்ணீர் வெளியே போய்விடும். மாத்திரைக்கு இந்தக் கண் கிடையாது. மடையை அடைத்துக் கயிற்றால் கட்டிவிட்டு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வீட்டுக்குப் போய்விடுகிற ஆள் அது. நடுவில் மழை கொட்டினால் கண்மாய் கதி என்ன?

2019 தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். நகரத்தார் காவடி போகிற அதே பாதை, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழி. வேண்டுதல் என்னுடையது, கூட வந்தது மச்சான். அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும், அரை மைலுக்கு ஒரு பந்தல், பந்தலுக்குப் பந்தல் மோர், பானகம், இளநீர், சுக்குத்தண்ணி. நீட்டுகிற கையை மறுக்க முடியுமா? செட்டிநாட்டுக்காரனுக்குத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, வீட்டுப் படியேறியதும் முதலில் வருவது செம்புதானே. போதாததற்கு மச்சான் வேறு "நல்லாக் குடிங்க மச்சான், வெயில்ல நடக்குறோம், ஒங்களுக்கு வேற தண்ணி வியாதி" என்று ஒவ்வொரு பந்தலிலும் வாங்கி வாங்கிக் கொடுத்தான். அவன் பாசத்தில் கொடுத்தான், நான் மரியாதைக்குக் குடித்தேன். யாருக்குமே தாகம் இல்லை. இரண்டாம் நாள் கால் வலி தாங்காமல் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். இந்த வகை வலி மாத்திரைகள் டெஸ்மோபிரசினின் பிடியை இன்னும் இறுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது, நான் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் நத்தம் தாண்டி நடக்கும்போது மோதிரம் விரலில் இறுகியது. நடையில் கை வீங்கும் என்று விட்டுவிட்டேன். தலைவலி வந்தது, வெயில் என்று நினைத்தேன். குமட்டியது, பானகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கிறேன் என்பதை மட்டும் நினைக்கவில்லை. சாயங்காலம் மச்சானைப் பார்த்து "பட்டறைத் தொட்டியில கல்லை எடுத்து வச்சியா?" என்று கேட்டேனாம். அவன் ராணுவத்தில் இருந்து லீவில் வந்தவன், அவனுக்கும் பட்டறைக்கும் சம்பந்தமே இல்லை. அதன்பிறகு எனக்கு நினைவில்லை.

வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். என் சட்டைப்பையில் இருந்த பழைய சீட்டில் 'டயாபடீஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை சரியாக இருந்ததால் வெயில் மயக்கம், தண்ணீர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போயிருக்கிறார்கள். ஏற்கெனவே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற ஆளுக்கு அது இன்னும் தண்ணீர். மச்சான் செய்த ஒரே நல்ல காரியம், மன்னிக்கவும், ஒரே என்பது தப்பு, என் உயிரைக் காப்பாற்றிய காரியம், பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரை டாக்டருக்கு போன் போட்டதுதான். ரத்தம் எடுத்தால் சோடியம் 121. 135க்குக் கீழே இறங்கினாலே குறைவு. 120க்குப் பக்கத்தில், அதுவும் சட்டென்று இறங்கினால், மூளை வீங்கும், வலிப்பு வரும், ஆளே போய்விடலாம்.

மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அடர்ந்த உப்பு நீரைக் கொஞ்சமாக ஏற்றினார்கள், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். "சட்டுன்னு ஏத்திவிட வேண்டியதுதானே, உப்புதானே" என்று மச்சான் கேட்டானாம். கூடாது. 24 மணி நேரத்தில் எட்டு பத்து புள்ளிக்கு மேல் ஏற விடக்கூடாது, ஓடி ஏறினால் மூளைத்தண்டில் நரம்பின் உறை உரிந்து கை கால் பேச்சு எல்லாம் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினாலும் இதே ஆபத்துதான், அடைத்த மடை திறந்ததும் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியேறி சோடியம் எகிறிவிடும். அதனால் இந்த நிலையில் எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்பது ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் கை வைத்தியம் வேண்டாம்.

தெளிந்த பிறகு ஒரு வேடிக்கை. பக்கத்துப் படுக்கைக்காரர் தொற்று ரத்தத்தில் பரவி பி.பி. அடியோடு விழுந்து கிடந்தார். அவருக்கு ஓடிய மருந்தின் பெயரை நர்ஸிடம் கேட்டேன். "வாசோபிரசின்." மற்ற மருந்து போதாதபோது குழாயை இறுக்கி பி.பி.யைப் பிடிக்க இதையும் சேர்ப்பார்களாம். என் உடம்பில் இல்லாத சரக்கு கையெட்டும் தூரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பழனிக்குப் போகாமல் இதைத்தான் பார்க்க வந்தேன் போலிருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பழகிக்கொண்டவை இவை. தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கிறேன். எனக்குத் தாக உணர்வு சரியாக வேலை செய்கிறது, அது பெரிய பாக்கியம், சிலருக்கு மூளையில் அந்த இடமும் கெட்டுப்போயிருக்கும், அவர்களுக்குக் கணக்கு வேறு, டாக்டர் அளந்து சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் எடை பார்க்கிறேன், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் அது சோறு போட்ட சதை இல்லை, தண்ணீர். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை மாத்திரையைத் தள்ளிப்போட்டு, நன்றாக வெளுத்த சிறுநீர் இரண்டு மூன்று தடவை போன பிறகுதான் போடுகிறேன். தேங்கியது ஏதாவது இருந்தால் வடிந்துவிடும், கண்மாய்க்குக் கலுங்கு இருப்பது மாதிரி. இது என் டாக்டர் சொல்லிச் செய்வது. வாந்தி பேதி என்றால் வீட்டில் உட்காருவதில்லை, அன்றே சோடியம் பார்த்துவிடுவேன். வலி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரை எதுவானாலும் யார் எழுதிக் கொடுத்தாலும் முதலில் மதுரைக்கு ஒரு போன்.

சட்டைப்பைச் சீட்டையும் மாற்றிவிட்டேன். 'டயாபடீஸ்' என்ற சொல்லே அதில் இல்லை. இந்தக் குழப்பம் என் ஒருவனுடையது இல்லை. 2009இல் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில், இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் போன 22 வயதுப் பையன், இதே நோய்க்காரன், மாத்திரை கொடுக்காமல் விட்டதில் தாகம் தாங்காமல் படுக்கையிலிருந்தே போலீசுக்கு போன் போட்டும் கடைசியில் உடம்பில் தண்ணீர் வற்றியே செத்துப்போனான். இப்படிப்பட்டவை நடந்ததால்தான் 2022இல் மருத்துவர்கள் கூடிப் பெயரையே மாற்றினார்கள், 'வாசோபிரசின் குறைபாடு' என்று. சிறுநீரகம் கேட்காத வகைக்கு 'வாசோபிரசின் எதிர்ப்பு'. என் சீட்டில் இப்போது பெரிய எழுத்தில் இருப்பது: "வாசோபிரசின் குறைபாடு. இது சர்க்கரை நோய் இல்லை. டெஸ்மோபிரசினை நிறுத்த வேண்டாம். நினைவு தப்பினால் முதலில் சோடியம் பாருங்கள். அதற்கு முன் டிரிப் ஏற்ற வேண்டாம்." கீழே டாக்டர் கையெழுத்தும் எண்ணும். தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம், லேமினேட் போட்டது. ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முந்தின நாளே இதைக் காட்டிவிட வேண்டும், ஏனென்றால் பட்டினி போடுகிற நேரம்தான் எங்களுக்கு எமகண்டம்.

இதெல்லாம் ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட வராத நோய், நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படியென்றால் எங்கள் தெரு ஆச்சியின் கதையைக் கேளுங்கள். எண்பது வயது, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் பெரிய வீட்டில் வேலைக்காரம்மாவோடு இருக்கிறார், மகன் சிங்கப்பூரில். வளவில் இரண்டு மூன்று கல் பெயர்ந்ததை மாற்றப் போனேன். முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி என்னைப் பார்த்து என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாய்தவறி என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் "கப்பல் எப்ப வருது தம்பி?" என்றார். வீட்டில் ஒரு வாரமாக இப்படித்தான், மறதி நோய் வந்துவிட்டது, மகனும் கேட்டுக் கலங்கிப்போய் டிக்கெட் போட்டுவிட்டார் என்றார் வேலைக்காரம்மா. நடக்கும்போது ஆச்சி தள்ளாடினார். "சாப்பிடப் பிடிக்கலை, குமட்டுதாம். அதான் இளநீயும் கஞ்சித் தண்ணியுமாக் குடுத்துக்கிட்டே இருக்கேன், சூடு தணியட்டும்னு."

குமட்டல், தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம், கூடவே தண்ணீர். எனக்கு நத்தம் சாலை கண்ணில் வந்தது. மருந்துப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பி.பி.க்கு, தண்ணீரைப் பிரித்துவிடும் பழைய மாத்திரை ஒன்று, மூன்று வாரம் முன்பு புதிதாக மனச்சோர்வுக்கு ஒன்று. நான் டாக்டர் இல்லை, ஒன்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. "இன்னைக்கே காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போய் சோடியம் மட்டும் பாருங்க" என்று மகனிடம் போனில் கெஞ்சினேன். 118.

எனக்கு வாசோபிரசின் இல்லை. ஆச்சிக்குத் தேவையில்லாத நேரத்திலும் வந்துகொண்டே இருந்தது. சில மனச்சோர்வு மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகள், நிமோனியா, காசநோய், மூளையில் அடி, நுரையீரலில் ஒரு வகைப் புற்று, இவையெல்லாம் இந்த ஹார்மோனை நிற்காமல் சுரக்க வைக்கும். வயதானவர்களுக்கு ரொம்பச் சுலபமாக வரும். அவர்களுக்கு வைத்தியமே பெரும்பாலும் தண்ணீரைக் குறைப்பதுதான். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, மாத்திரை மாற்றி, நாளைக்கு ஒரு லிட்டர் என்று அளந்து கொடுத்து, ஆச்சி திரும்பி வந்தார். மறதி நோயும் போய்விட்டது, கப்பலும் போய்விட்டது. நான் போட்ட கல்லில் ஒன்று நிறம் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்துக் கூலியில் பிடித்தம் வேறு செய்தார்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் ஒரு வாரத்துக்குள் திடீரென்று உளற ஆரம்பித்தால், வயசு என்று சொல்லிவிடாதீர்கள். சோடியம் பார்க்கிற ரத்தப் பரிசோதனை சாதாரண லேபிலேயே உண்டு. 'நல்லாத் தண்ணி குடிங்க' என்ற நம் ஊர் ஆசீர்வாதத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரி, சிறுநீரகக் கல் உள்ளவருக்கு ரொம்பச் சரி. எனக்கும் ஆச்சிக்கும் சரி இல்லை.

இந்த வருஷமும் பழனிக்கு நடந்தேன். கழுத்தில் சீட்டு, பையில் மாத்திரை, ஒரு லிட்டர் பாட்டில், கோடு போட்டது. நத்தம் பக்கத்துப் பந்தலில் ஒரு அம்மா மோர் நீட்டினார். மறுக்க எனக்கு இன்னும் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப் பின்னால் வந்த மச்சானிடம் கொடுத்தேன். அன்றைக்கு அவனுக்கு அது எட்டாவது டம்ளர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மச்சான், ஒவ்வொரு புளியமரமா நின்னுக்கிட்டே வர்றேன்" என்றான். அவனுக்கென்ன, நீர்ப்பாய்ச்சி இருக்கிறார்.